மூலகங்கள் கூடும் கணக்கு

கரி எரியும்போது அதிலுள்ள காபன் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடுகின்றது. காற்றோட்டம் தாராளமாயுள்ள இடத்தில் எரியுமாயின் உண்டாவது காபனீரொட்சைட்டு. மனிதர் மூச்சுடன் வெளிவிடுவதும், சோடாப் போத்தலைத் திறந்ததும் நுரைத்தெழுவதும் இவ்வாயுவே. கதவையும் பலகணியையும் அடைத்த அறையொன்றிலே கரியடுப்புக் கனன்று கிடக்குமாயின் நிலைமை வேறாகும். போதிய ஒட்சிசன் கிடையாமையால் அங்கு காபனோரொட்சைட்டு என்னும் மற்றொரு வாயுவும் உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் அது பற்றிக்கொள்கின்றது. அத்தகைய அறையில் உறங்கச் சென்றவர் மறுநாட் காலை விழிக்காது போவதுண்டு.

இவ்விரு வாயுக்களிலும் உள்ளவை ஒரே மூலகங்கள்தாம். காபனையும் ஒட்சிசனையுமன்றி மூன்றாவது பொருள் எதுவும் இவற்றிற் கலக்கவில்லை. அவ்வாறாயின் ஒன்று சிறிதளவில் தீங்கற்றதாயும், மற்றையது சிறிதளவிலேயே உயிர் கொல்வதாயும் இருப்பது எதனால்? சேர்ந்த பொருள்கள் யாவை என்பது மட்டும் ஒரு சேர்வையின் இயல்பைத் தீர்மானிப்பதில்லை. அவை எவ்வெவ்வளவிற் சேர்ந்தன என்பதும் அதைத் தீர்மானிக்கின்றது. 3 கிராம் காபன் 4 கிராம் ஒட்சிசனுடன் கூடினால் நஞ்சாகிய காபனோரொட்சைட்டு கிடைக்கும். அதே 3 கிராம் காபன் 8 கிராம் ஒட்சிசனுடன் கூடினாற் காபனீரொட்சைட்டு கிடைக்கும். நான்கு, எட்டு என்னும் இவ்விரு எண்களும் 1:2 என்னும் விகிதத்தில் அமைந்துள்ளன. இடைப்பட்ட ஐந்து கிராமோ, ஆறரைக் கிராமோ கூடி மூன்றாவது வாயுவொன்றை ஆக்குவதில்லை. ஐந்து கிராம் ஒட்சிசன் மட்டும் இருக்குமாயின் இவ்விரு வாயுக்களும் கலந்த கலவையொன்றே கிடைக்கும். படிக்கட்டில் ஏறுபவன் முதற்படியிலோ இரண்டாம் படியிலோ நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்க இடமில்லை.

இதுவே பல்விகிதசம விதியின் சாரம். இரண்டு மூலகங்கள் தம்முட் கூடி ஒன்றுக்கு மேற்பட்ட சேர்வைகளை ஆக்குமாயின், ஒரு மூலகத்தின் குறித்த நிறையுடன் கூடும் மற்ற மூலகத்தின் நிறைகள் ஒன்றுக்கொன்று எளிய முழுவெண் விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி. பள்ளி மாணவர் மனனஞ் செய்யும் ஒரு வாக்கியமாகவே இது பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. ஆயினும், பொருள்கள் யாவும் அணுக்களால் ஆயவை என்னும் கொள்கைக்கு உறுதியான தராசுச் சான்றாக முதன்முதல் நின்றது இவ்வாக்கியமே. இது தோன்றிய வரலாறும், இதனைச் சேர்வைகளிற் பொருத்திக் காணும் முறையும், இது எங்கே தளர்கின்றது என்பதும் ஒருங்கே அறியத்தக்கவை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சிய இரசாயன அறிஞர் இருவரிடையே ஒரு விவாதம் எழுந்தது. ஒருவர் குளோட் லூயி பேத்தொலே. மற்றவர் யோசேப்பு லூயி புரூஸ்ற். பேத்தொலே 1798இல் நெப்போலியனுடன் எகிப்து சென்றவர். அங்குள்ள உப்பேரிகளின் கரையிலே, சாதாரண உப்பும் சுண்ணாம்புக்கல்லும் தாக்கமுற்றுச் சோடியங் காபனேற்று படிந்திருப்பதை அவர் கண்டார். ஆய்வுகூடத்தில் நிகழ்வது இதன் மறுதலையாகும். ஆகவே, தாக்கமொன்று எத்திசையிற் செல்லும் என்பதைப் பொருள்களின் அளவும் தீர்மானிக்கின்றது என்று அவர் முடிவு செய்தார். அம்முடிவு சரியானது; மிக ஆழமானதுங்கூட. ஆனால் அவர் ஒரு படி மேலே சென்று, சேர்வைகளின் அமைப்புமே சூழ்நிலைக்கேற்ப மாறக்கூடியது எனவும், ஓர் உலோகம் ஒட்சிசனுடன் தொடர்ச்சியாக எவ்வளவிலும் கூடலாம் எனவும் கருதினார்.

புரூஸ்ற் அக்காலத்தில் ஸ்பானியாவிற் பணியாற்றிக்கொண்டிருந்தார். நிலத்திலிருந்து கிடைத்த செம்புக் காபனேற்றையும் ஆய்வுகூடத்தில் ஆக்கிய செம்புக் காபனேற்றையும் பகுத்துப் பார்த்து, இரண்டின் அமைப்பும் ஒன்றே என 1799இல் அவர் காட்டினார். இயற்கையின் கையால் ஆயினும் மனிதன் கையால் ஆயினும் சேர்வையின் விகிதம் மாறுவதில்லை என்பது அவர் கட்சி. விவாதம் எட்டாண்டளவு நீடித்தது. ஒருவரையொருவர் இழித்துரையாது, சோதனைக்குச் சோதனை, கணக்குக்குக் கணக்கு என்று இருவரும் வாதிட்ட முறை அறிவியல் வரலாற்றிற் போற்றப்படுகின்றது. பேத்தொலே எடுத்துக்காட்டிய பொருள்கள் பலவும் தூய சேர்வைகளல்ல, கலவைகளே எனப் புரூஸ்ற் நிறுவினார். மாறா விகிதசம விதி நிலைபெற்றது.

வெள்ளீயத்துக்கு இரண்டு ஒட்சைட்டுக்கள் உள்ளன என்பதும், செம்புக்கும் அவ்வாறே இரண்டு உள்ளன என்பதும் புரூஸ்றுக்குத் தெரிந்திருந்தன. அவற்றின் அமைப்பையும் அவர் பகுத்து வைத்திருந்தார். இருந்தும் பல்விகிதசம விதி அவர் கண்ணிற் படவில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்று அவர் கணக்கெழுதிய முறையேயாம். அவர் தம் விடைகளை நூற்றுவீதமாக எழுதினார். இன்றைய திருத்தமான எண்களைக் கொண்டு பார்ப்பின், வெள்ளீயத்தின் ஓர் ஒட்சைட்டில் நூற்றுக்கு 11.9 பங்கும் மற்றையதில் நூற்றுக்கு 21.2 பங்கும் ஒட்சிசன் உள்ளது. 11.9, 21.2 என்னும் இவ்வெண்களை எத்துணை நேரம் உற்றுநோக்கினும் அவற்றிடையே எளிய உறவெதுவும் புலப்படாது. ஆனால் நூறு கிராம் வெள்ளீயத்துடன் கூடிய ஒட்சிசன் எவ்வளவு என்று கேட்டால், விடை முதலாவதில் ஏறக்குறைய 13.5 கிராம், இரண்டாவதில் ஏறக்குறைய 27 கிராம். ஒன்று மற்றையதன் இருமடங்கு என்பது உடனே தெளிவாகும். கேள்வியைக் கேட்கும் முறையிலேயே விடை ஒளிந்திருந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் யோன் தாற்றன். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கம்பர்லாந்திலே, ஈகிள்ஸ்பீல்ட் என்னும் சிற்றூரில், 1766இல் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பன்னிரண்டாம் வயதிலேயே பள்ளி நடத்தத் தொடங்கினார். 1793இல் மான்செஸ்ரர் நகரிற் குடியேறினார். 1787 முதல் 1844இல் இறக்கும் வரை வானிலைக் குறிப்பை இடைவிடாது எழுதிவந்தார். இரசாயனத்துக்கு அவர் வந்த வழியும் வானிலை வழியே. காற்றிலே ஒட்சிசனும் நைதரசனும் நீராவியும் அடுக்கடுக்காகப் பிரிந்து நில்லாது ஒன்றாய்க் கலந்திருப்பது எவ்வாறு என்ற வினா அவரை வருத்தியது. வாயுக்களின் துணிக்கைகள் எத்தன்மையின, அவற்றின் பருமன் யாது, நிறை யாது என்று அவர் சிந்திக்கத் தொடங்கினார். 1803ஆம் ஆண்டு செப்தெம்பர் 6ஆம் தேதியிட்ட அவருடைய குறிப்பேட்டில் அணுநிறைகளின் முதலாவது அட்டவணை காணப்பட்டது.

தாற்றனின் சிந்தனை எளிமையானது. ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே நிறையுடையன. சேர்வை என்பது அணுக்களின் கூட்டு. அணுவைப் பிளந்து அரையணு, காலணு என்று சேர்த்தல் இயலாது. ஆகவே, ஓர் அணுவுடன் மற்றொரு மூலகத்தின் ஓரணு சேரலாம், இரண்டு சேரலாம், மூன்று சேரலாம், ஒன்றரை சேராது. இரண்டு மூலகங்கள் பல சேர்வைகளை ஆக்குமாயின் அவற்றின் நிறைகள் முழுவெண் விகிதத்தில் இருந்தே தீரவேண்டும். இவ்வாறு பார்க்கின், பல்விகிதசம விதி அணுக்கொள்கையிலிருந்து தானாகவே பிறந்துவிடுகின்றது.

விதி முந்தியதா, கொள்கை முந்தியதா என்பது பற்றி நெடுங்காலம் ஐயம் நிலவியது. தோமஸ் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1804 ஓகஸ்டில் தாற்றனைச் சந்தித்தார். மெதேன், எதிலீன் என்னும் இரு வாயுக்களை ஆராய்ந்தபோதே இக்கொள்கை தாற்றனுக்கு உதித்தது என அவர் பின்னர் எழுதினார். 6 கிராம் காபனுடன் கூடிய ஐதரசன் மெதேனில் 2 கிராம். எதிலீனில் 1 கிராம். அழகிய சான்றுதான். ஆனால் 1896இல் ரொஸ்கோ, ஹாடன் என்னும் இருவர் தாற்றனின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, அணுநிறை அட்டவணை இச்சோதனைகளுக்கு முந்தியது எனக் காட்டினர். தாற்றன் முதலில் அணுவை நினைத்தார். பின்னரே தராசினிடம் சான்று கேட்டார். அந்தக் குறிப்பேடுகளிற் பெரும்பகுதி 1940 டிசெம்பரில் மான்செஸ்ரர் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று. அதற்கு முன்னரே அவை ஆராயப்பட்டிருந்தமை அறிவுலகின் நற்பேறு.

இனி, விதியைச் சேர்வைகளிற் பொருத்திக் காணும் முறையை நோக்குவோம். இதற்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு சேர்வையிலும் உள்ள மூலகங்களின் நிறைகளைப் பகுப்பினால் அறிதல். இரண்டாவது, இரு மூலகங்களுள் ஒன்றைத் தெரிந்து, அதன் நிறையை எல்லாச் சேர்வைகளிலும் ஒரே அளவாக்கிக்கொள்ளுதல். மூன்றாவது, மற்ற மூலகத்தின் நிறைகளை அவற்றுட் சிறியதால் வகுத்து விகிதங் காணுதல். மாணவர் இடறுவது பெரும்பாலும் இரண்டாம் படியிலேயே. நூற்றுவீதங்களை நேரே ஒப்பிட்டுவிட்டு, விதி பொருந்தவில்லை என மயங்குவர்.

ஹம்பிரி டேவி தம் இருபத்தொன்றாம் வயதில், 1800இல் வெளியிட்ட எண்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பிரிஸ்ரலில் இருந்த வாயு மருத்துவ நிலையமொன்றில் அவர் பணியாற்றினார். நைத்திரசொட்சைட்டு என்னும் வாயுவைத் தாமே உள்ளிழுத்துப் பார்த்து, அது களிப்பும் சிரிப்பும் உண்டாக்குவதை உலகுக்கு அறிவித்தவர் அவரே. நைதரசனும் ஒட்சிசனும் கூடிய மூன்று பொருள்களை அவர் பகுத்தார். நைத்திரசொட்சைட்டில் நூற்றுக்கு 63.30 பங்கு நைதரசன், 36.70 பங்கு ஒட்சிசன். நைத்திரிக்கொட்சைட்டில் 44.05 பங்கு நைதரசன், 55.95 பங்கு ஒட்சிசன். நைத்திரிக்கமிலம் என அவர் பெயரிட்ட மூன்றாவதில் 29.50 பங்கு நைதரசன், 70.50 பங்கு ஒட்சிசன். இம்மூன்றாவதன் அமைப்பு இன்று நைதரசனீரொட்சைட்டு எனப்படும் வாயுவின் அமைப்பை ஒத்தது.

ஒட்சிசனின் நூற்றுவீதங்கள் 36.70, 55.95, 70.50 ஆகும். இவற்றில் ஒழுங்கு ஏதும் தோன்றவில்லை. இப்பொழுது இரண்டாம் படியை எடுப்போம். நைதரசனை எல்லாவற்றிலும் 100 கிராம் எனக் கொண்டால், அதனுடன் கூடிய ஒட்சிசன் முறையே ஏறக்குறைய 58 கிராம், 127 கிராம், 239 கிராம் ஆகும். மூன்றாம் படியாக இவற்றை 58 ஆல் வகுக்கின், 1, 2.19, 4.12 என்னும் எண்கள் கிடைக்கும். 1:2:4 என்னும் விகிதம் திரைக்குப் பின்னின்று எட்டிப் பார்ப்பதை யாரும் காணலாம். திருத்தமான இன்றைய பகுப்பின்படி அவ்வெண்கள் 57.1, 114.2, 228.4, விகிதம் பிசகின்றி 1:2:4. டேவியின் எண்களில் நூற்றுக்குப் பத்தளவு வழு இருந்தும் உண்மை மறைந்துவிடவில்லை. ஆயினும் டேவி அதனைக் கண்டாரல்லர். எண்கள் அவரிடம் இருந்தன. அவற்றைக் கேட்கவேண்டிய கேள்வி அவரிடம் இருக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் மாணவர் தம் கையாலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை செம்பின் ஒட்சைட்டுக்களைப் பற்றியது. செம்புக்குக் கரிய ஒட்சைட்டு ஒன்றும் சிவந்த ஒட்சைட்டு ஒன்றும் உள்ளன. நன்கு உலர்ந்த கரிய ஒட்சைட்டில் 2 கிராமை வெண்களித் தோணி ஒன்றில் இட்டுக் கண்ணாடிக் குழாயினுள் வைத்து, அதன் மேல் உலர்ந்த ஐதரசனைச் செலுத்திச் சூடாக்கவேண்டும். ஐதரசன் ஒட்சிசனைக் கவர்ந்து நீராகிச் சென்றுவிடும், செம்பு எஞ்சும். குழாயிலுள்ள காற்று முழுவதும் வெளியேறும் முன்னர்ச் சுவாலையை அருகிற் கொண்டு செல்லலாகாது. காற்றும் ஐதரசனும் கலந்த கலவை வெடிக்கும். ஆசிரியரின் மேற்பார்வையின்றி இச்சோதனையைத் தொடங்குதல் தகாது. சூடாக்கி முடிந்த பின்னரும் ஐதரசன் ஓட்டத்திலேயே தோணியை ஆறவிடவேண்டும். இல்லையேற் சூடான செம்பு மீண்டும் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடிவிடும்.

கரிய ஒட்சைட்டு 2 கிராமிலிருந்து ஏறக்குறைய 1.60 கிராம் செம்பு எஞ்சும். சிவந்த ஒட்சைட்டு 2 கிராமிலிருந்து ஏறக்குறைய 1.78 கிராம் செம்பு எஞ்சும். ஆகவே, இழந்த ஒட்சிசன் முதலாவதில் 0.40 கிராம், இரண்டாவதில் 0.22 கிராம். 1 கிராம் செம்பு என்னும் பொது அளவுக்குக் கொண்டுவந்தால் முதலாவதில் 0.250 கிராம் ஒட்சிசன், இரண்டாவதில் 0.124 கிராம் ஒட்சிசன். விகிதம் 2:1. ஒட்சைட்டு முற்றாகத் தாழ்த்தப்படாவிடின் எஞ்சிய நிறை கூடித் தோன்றும். அதனால் ஒட்சிசன் குறைந்து தோன்றும். ஒட்சைட்டில் ஈரமிருப்பின் போன நீரும் ஒட்சிசனாகக் கணக்கில் ஏறிவிடும். நிறை மாறாதிருக்குங் காறும் மீண்டும் மீண்டும் சூடாக்கி நிறுத்துப் பார்ப்பதன் காரணம் இதுவே. விதியை எழுதுவது எளிது. அதனைத் தராசிற் காண்பதற்குப் பொறுமை வேண்டும்.

முழுவெண் விகிதம் என்றதும் ஒன்றுக்கு இரண்டு என்றே எப்பொழுதும் இருக்கும் என எண்ணலாகாது. ஈயத்தின் ஒட்சைட்டுக்கள் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். சித்த மருத்துவர் மிருதாரசிங்கி என வழங்கும் மஞ்சள் நிறப் பொருள் ஒன்று. இரும்பு துருப்பிடியாதிருக்க நெடுங்காலம் பூச்சிற் பயன்பட்ட சிவப்பீயம் மற்றொன்று. மோட்டார் வண்டியின் மின்கலத் தகட்டிற் காணப்படும் கபிலநிற ஈயவீரொட்சைட்டு மூன்றாவது. 207 கிராம் ஈயத்துடன் கூடிய ஒட்சிசன் இவற்றில் முறையே 16 கிராம், 21.3 கிராம், 32 கிராம். 16ஆல் வகுத்தால் 1, 1.33, 2 என்னும் எண்கள் வரும். 1.33 முழுவெண்ணன்று. ஆயினும் மூன்றையும் மூன்றாற் பெருக்கின் 3, 4, 6 என்னும் முழுவெண்கள் கிடைக்கின்றன. சிவப்பீயத்தின் கூட்டில் மூன்று ஈய அணுக்களுக்கு நான்கு ஒட்சிசன் அணுக்கள் உள்ளன என்பதே இதன் பொருள்.

இவ்விதி எதைச் சொல்கின்றது என்பதுடன் எதைச் சொல்லவில்லை என்பதையும் அறிதல் அவசியம். நீரில் 1 கிராம் ஐதரசனுடன் 8 கிராம் ஒட்சிசன் கூடியுள்ளது. 1818இல் தெனார் என்னும் பிரான்சிய அறிஞர் கண்டறிந்த ஐதரசன் பேரொட்சைட்டில் 1 கிராம் ஐதரசனுடன் 16 கிராம் ஒட்சிசன் கூடியுள்ளது. ஒன்று உயிர் காக்கும் நீர். மற்றையது புண்ணிலுள்ள கிருமியைக் கொல்வதும், நிறத்தை வெளுப்பதுமாகிய திரவம். விகிதம் 1:2. இனி, நீரின் துணிக்கையில் எத்தனை அணுக்கள் உள்ளன? ஓர் ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் என்று கொண்டால், ஒட்சிசன் அணுவின் நிறை 8 ஆகும். பேரொட்சைட்டில் ஓர் ஐதரசனுக்கு இரண்டு ஒட்சிசன் இருக்கும். இரண்டு ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் என்று கொண்டால், ஒட்சிசன் அணுவின் நிறை 16 ஆகும். பேரொட்சைட்டில் இரண்டு ஐதரசனுக்கு இரண்டு ஒட்சிசன் இருக்கும். இரண்டு கணக்கும் விதிக்கு முற்றிலும் இசைகின்றன. விதி இவற்றுள் எது மெய் என்று தீர்ப்புக் கூறாது.

தாற்றன் இவ்விடத்தில் ஊகத்தை நாடினார். இரண்டு மூலகங்களுக்கு ஒரேயொரு சேர்வைதான் தெரியுமாயின், அதில் ஒவ்வொன்றிலும் ஓரணு இருப்பதாகக் கொள்ளவேண்டும் என அவர் வகுத்தார். ஆகவே நீரை ஓரணுவும் ஓரணுவும் கூடியதாகவே எழுதினார். 1808இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒட்சிசனின் அணுநிறை 7 என்றே காணப்படுகின்றது. வாயுக்கள் பருமனளவில் எளிய விகிதத்திற் கூடுகின்றன என்று கேலுசாக்கு அதே ஆண்டிற் காட்டினார். 1811இல் அவகாதரோ அதற்கு விளக்கந் தந்தார். தாற்றன் கேலுசாக்கின் கருத்தை ஏற்கவில்லை; அவகாதரோவின் விளக்கத்தை உலகமும் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் ஒவ்வோர் ஆய்வுகூடமும் தனக்கெனத் தனி அணுநிறையும் தனிக் குறியீடும் வைத்திருந்தது. 1860இல் ஜேர்மனியின் காள்சுரூ நகரில் அறிஞர் கூடியபோது, இத்தாலியராகிய கனிசாரோ அவகாதரோவின் கருத்தை மீட்டுரைத்தார். அதன் பின்னரே அணுநிறைகள் ஓர் ஒழுங்குக்கு வரத்தொடங்கின. விகிதம் ஒரு சான்று; அதுவே முழு வழக்குமன்று.

இவ்விதிக்கு எல்லைகளும் உண்டு. எளிய முழுவெண் என்னுஞ் சொல்லே முதலாவது எல்லையைக் காட்டுகின்றது. காபனும் ஐதரசனும் கூடிய சேர்வைகள் மிகப் பல. அவற்றுள் தெக்கேனில் 10 காபன் அணுக்களுக்கு 22 ஐதரசன் அணுக்கள் உள்ளன. அந்தெக்கேனில் 11 காபன் அணுக்களுக்கு 24 ஐதரசன் அணுக்கள் உள்ளன. ஒரே அளவு காபனுடன் கூடிய ஐதரசனின் விகிதம் 121:120. முழுவெண் விகிதந்தான், எளியது என்று சொல்ல முடியுமா? பகுப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு வழு நேரினும் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும். தாற்றன் காலத்தார் பெரும்பாலும் ஓரணு, ஈரணு கொண்ட சிறு கூட்டுக்களையே ஆராய்ந்தமை விதி வெளிப்படுவதற்கு உதவியாயிற்று.

இரண்டாவது எல்லை திண்மங்களில் உள்ளது. இரும்பின் தாழ்ந்த ஒட்சைட்டில் 100 ஒட்சிசன் அணுக்களுக்கு 100 இரும்பணுக்கள் இருப்பதில்லை; ஏறக்குறைய 95 அல்லது அதனினும் குறைந்த தொகையே உள்ளது. அப்பளிங்கில் இரும்பணு இருக்கவேண்டிய இடங்கள் சில வெறுமையாயுள்ளன. அவ்வெறுமை ஆக்கப்படும் வெப்பநிலைக்கேற்ப மாறுவதால் அமைப்பும் மாறுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசிய அறிஞர் குர்நாக்கோவ் இத்தகைய பொருள்களுக்குப் பேத்தொலேயின் பெயரையும், மாறா அமைப்புடையனவற்றுக்குத் தாற்றனின் பெயரையும் சூட்டினார். நூறாண்டுக்கு முன் தோற்றவர் எனக் கருதப்பட்டவருக்குங்கூடப் பொருளுலகில் ஒரு மூலை கிடைத்தது.

மூன்றாவது எல்லை இலங்கையின் மண்ணோடு தொடர்புடையது. ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே நிறையுடையன என்று தாற்றன் கொண்டார். கதிர்த்தொழிற்பாடு பற்றிய ஆராய்ச்சி அதனை அசைத்தது. தோரியம் சிதைந்து இறுதியில் ஈயமாகுமாயின் அவ்வீயம் சாதாரண ஈயத்திலும் நிறை கூடியதாயிருக்கவேண்டும் என்று பிரெடெரிக் சொடி எதிர்பார்த்தார். அதனைச் சோதிப்பதற்கு அவர் எடுத்துக்கொண்டது இலங்கையிற் கிடைத்த தோரைற்று என்னும் தாதுப்பொருள். 1914 தொடங்கி நடந்த ஆராய்ச்சியின் முடிவில், சாதாரண ஈயத்தின் அணுநிறை 207.2 ஆக, இலங்கைத் தோரைற்றிலிருந்து பிரித்தெடுத்த ஈயத்தின் அணுநிறை 207.7 அளவில் இருப்பது தெளிவாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்க அறிஞர் றிச்சாட்ஸ், யுரேனியத் தாதுக்களிலிருந்து பெற்ற ஈயம் சாதாரண ஈயத்திலும் நிறை குறைந்தது எனக் காட்டினார். ஒரே மூலகத்துக்கு நிறை வேறுபட்ட அணுக்கள் உண்டு, அவையே சமதானிகள்.

இதனால் விதி பொய்த்துவிட்டதா? இல்லை. மிருதாரசிங்கியைச் சாதாரண ஈயத்திலிருந்தும், ஈயவீரொட்சைட்டைத் தோரைற்று ஈயத்திலிருந்தும் ஆக்கி ஒப்பிட்டால், ஒட்சிசனின் விகிதம் 1:2 என்பதினின்று மயிரிழையளவு விலகும். இரண்டையும் ஒரே ஈயத்திலிருந்து ஆக்கின் அவ்விலகல் இராது. தராசு காட்டுவது நிறையை. அணுக்கள் கூடுவதோ எண்ணிக்கையால். பெரும்பாலான மூலகங்களிற் சமதானிகள் ஏறக்குறைய ஒரே விகிதத்திற் கலந்திருப்பதால், நிறையைப் பார்த்தே எண்ணிக்கையை அறிய முடிந்தது. விதியின் உயிர் எண்ணிக்கையில் உள்ளது என்பதை இவ்விதிவிலக்கே தெளிவாகக் காட்டுகின்றது.

அணுவைக் கண்டவர் எவரும் இல்லாத காலத்தில், அணு உண்டு என்று சொல்லத் தாற்றனிடம் இருந்தவை குறைபாடுள்ள ஒரு தராசும், சில கண்ணாடிப் பாத்திரங்களும், நிறையை நிறையோடு ஒப்பிடும் மனப்பாங்குமே. அவருடைய எண்கள் பல பிழையானவை. நீரைப் பற்றிய அவர் ஊகமும் பிழையானது. எனினும், இயற்கை அளந்து ஊற்றுவதில்லை, எண்ணிக் கொடுக்கின்றது என்னும் அவருடைய அடிப்படை நிலைத்துவிட்டது. அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைவதும் ஒன்று கூடுவதும் சிறிய செய்தியன்று. காபனணு ஒன்றுடன் ஒட்சிசனணு ஒன்று சேர்வதற்கும் இரண்டு சேர்வதற்கும் உள்ள வேறுபாடு, மூடிய அறையில் உறங்குபவனின் உயிரையே தீர்மானிக்கக்கூடியது. கரியடுப்பு எரியும் அறையிற் பலகணியைத் திறந்துவைப்பவர், அந்த இரண்டாவது ஒட்சிசனணு வருவதற்கு வழி செய்கின்றார்.